பம்ப் ஹவுஸ் ஸ்விட்சில் இருக்கும் அந்த ஒரு வரி

ஓய்வு பெற்ற பிறகும் வேலை இடத்திலிருந்து எனக்குப் போன் வருவது நிற்கவில்லை. "சார், இந்தக் கேபிள் எந்தப் பக்கமா போகுது?" என்பதுதான் வழக்கமான கேள்வி. மண்ணுக்குள் புதைத்தவன் நான் என்பதால் என்னைத்தான் கேட்டாக வேண்டும். போன மாதம் பிரவீன் கேட்டது வேறு. நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவன் அவன். நெட்வொர்க் பராமரிப்பை ஒரு வெளியூர்க் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் அங்கிருந்தபடியே எல்லா ஸ்விட்சுகளையும் ஒரே அச்சில் வார்க்கப் போகிறார்களாம்.

"சார், பம்ப் ஹவுஸ் ஸ்விட்ச்ல மட்டும் அறிவிப்பு வரி வேற மாதிரி இருக்கு. மத்த எல்லாத்துலயும் ட்ராப். இதுல மட்டும் இன்ஃபார்ம். காரணம் ஒண்ணும் எழுதி வைக்கல. எடுத்துரட்டுமா?"

நான் அப்போது திரேஸ்புரத்தில், ஒரு சாவு வீட்டில் இருந்தேன். "இப்போதைக்குத் தொடாதே, அப்புறம் பேசுதேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று சொல்லாமல் விட்ட காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அம்மாவுக்கே அது கடைசிவரை பிடிபடவில்லை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நான் நெட்வொர்க் பிரிவில் இருந்தேன். பாலிடெக்னிக் முடித்து, டெலிபோன் கம்பி இழுத்து, உப்புக்காற்றில் துருப்பிடித்த பெட்டிகளைச் சுரண்டிச் சுரண்டி மேலே வந்தவன். ஸ்விட்ச் என்று நான் சொல்வது பல கேபிள்கள் வந்து சேர்கிற ஒரு பெட்டி. கணினி, கேமரா, பம்பை ஓட்டுகிற பலகை, எல்லாம் அதன் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசும். அந்தப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தனக்கு ஏதாவது நேர்ந்தால், ஒரு கேபிள் அறுந்தாலோ கரண்ட் போய்த் திரும்பி வந்தாலோ, கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற கணினிக்குத் தானாகவே செய்தி அனுப்பும். அதை யாருக்கு, எதற்கு, எப்படி அனுப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

அனுப்புவதில் இரண்டு வகை. ட்ராப் என்பது தெருவில் நின்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுவது. வீட்டில் ஆள் இருந்தார்களா, கேட்டார்களா என்று அது கவலைப்படாது. இன்ஃபார்ம் அப்படியில்லை. "கேட்டாச்சு" என்று உள்ளே இருந்து குரல் வரும்வரை வாசலில் நின்று மறுபடி மறுபடி கூப்பிடும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர் பிரிவுத் தலைவர் தங்கவேல் சார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், இரண்டும் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அவரோடு பேசுவது பெரிய பாடு. நாம் சொன்னதை அவர் முழுசாகத் திருப்பிச் சொல்வார். அவர் சொன்னதை நாம் முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி சார்" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். "சரின்னா என்ன சரி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பிரிவில் அவருக்கு எதிரொலி என்று பெயர். அவர் வீட்டம்மா "சோறு போடவா?" என்று கேட்டால்கூட "சோறு போடு" என்று முழுசாகச் சொன்னால்தான் இலை விழும் என்று நாங்கள் கிண்டலடிப்போம்.

அவர் ஒரு ஸ்விட்சில் அறிவிப்பு அமைப்பதைப் பார்த்தால் பூசை வைக்கிறாரோ என்று தோன்றும். முதலில் எல்லா அறிவிப்பையும் அணைத்துவிடுவார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இது வந்தா நீ நாற்காலிய விட்டு எந்திரிப்பியா?" எழுந்திருப்பேன் என்றால் அந்த அறிவிப்பு இருக்கும், இல்லையென்றால் போகும். ஆரம்பத்தில் யாராவது ஒரு பிரிண்டரை அணைத்தால்கூட கட்டுப்பாட்டு அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எரிச்சல் தாங்காமல் ஆபரேட்டர்கள் ஸ்பீக்கரையே பிடுங்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் இந்த முறைக்கு வந்தார். அதன் பின் செய்தி போய்ச் சேர வேண்டிய விலாசத்தை எழுதுவார், ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தபடி. பிறகு ரகசியச் சொல். எல்லாம் முடிந்ததும் எங்களில் ஒருவனை ஸ்விட்சிடம் அனுப்பி, "கேபிளப் புடுங்கு" என்பார். பிடுங்கியதும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன் திரையில் வந்த செய்தியை வாக்கிடாக்கியில் எழுத்து விடாமல் வாசிக்க வேண்டும். வாசித்துக் கேட்காதவரை அந்த ஸ்விட்ச் அவரைப் பொறுத்தவரை ஊமை.

இனி பம்ப் ஹவுஸ். எங்கள் ஆலைக்குக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். கரையோரம் ஒரு ஆழமான கிணறு, அதில் சல்லடைகள், மேலே ராட்சதப் பம்புகள். சல்லடையில் சிப்பியும் பாசியும் அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்ட ஆள் இறங்கியாக வேண்டும். இறங்குகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் எங்கள் கடற்கரையில் மூச்சும் கையும் உள்ளவர்கள் சங்குக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் ஆலை வேலைக்கும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மிக்கேல். என் அக்கா ரெஜினாவின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான்.

குளிக்கிறவனின், அதாவது நீருக்குள் மூழ்கி இறங்குகிறவனின், கயிற்றை அவன் பெண்டாட்டியுடன் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உடன்பிறந்தவளின் தாலியே அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கும்போது எந்தக் கையும் தளராது. அந்தக் கணக்கில் மிக்கேல் மச்சானின் கயிறு எனக்கு வந்திருக்க வேண்டியது. நான் பாலிடெக்னிக் போனதால் அது என் சித்தப்பா மகன் லூர்துவிடம் போனது. மச்சானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. "கயித்தப் பிடிக்க வேண்டிய பய கம்ப்யூட்டரப் பிடிச்சுக்கிட்டுத் திரியுதான்" என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன், ஆனால் சுருக்கென்று இருக்கும்.

கிணற்றில் ஆள் இருக்கும்போது பம்பு ஓடினால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. எனக்கு முந்தைய காலத்தில் ஒருவர் அப்படிப் போய், திரும்பி வரவில்லை. பம்ப் ஹவுஸுக்கு இரண்டு வழியில் கரண்ட் வரும். பெரிய லைனைப் பூட்டி, சாவியைக் குளிக்கிறவர் தன் இடுப்பிலேயே கட்டிக்கொள்வார். இரண்டாவது, அதே கிணற்றிலிருந்து நீர் இழுக்கும் தீயணைப்புப் பம்புக்கான ஜெனரேட்டர் லைன். அதன் பூட்டு ஆலையின் மறுகோடியில், வேறு ஆட்களின் கையில் இருந்தது. அந்தக் கோடியில்தான் அன்று தவறு நடந்தது. அதிலிருந்து எங்கள் ஆட்கள் ஒன்றில் உறுதியாக நின்றார்கள். பம்ப் ஹவுஸ் முழுக்க இருட்டாக வேண்டும். ஒரு சின்னப் பச்சை விளக்குகூட எரியக் கூடாது. மச்சான் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, இருட்டைக் கண்ணால் கண்ட பிறகே சிலுவை போட்டுக்கொண்டு இறங்குவார்.

அதனால் எங்கள் ஸ்விட்சும் அணைந்துவிடும். அதையே தங்கவேல் சார் ஒரு காவலாக மாற்றினார். எந்த வழியாகக் கரண்ட் வந்தாலும் முதலில் எழுவது அந்த ஸ்விட்ச்தான். எழுந்ததும் "நான் எழுந்துவிட்டேன்" என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். பம்பு கிளம்ப அதைவிட அதிக நேரம் பிடிக்கும்படி டைமர் வைத்தார்கள். அந்த இடைவெளிக்குள் வாக்கிடாக்கியில் கத்தினால் லூர்து கயிற்றை இழுத்து ஆளை ஏற்றிவிட முடியும். ஒவ்வொரு முறையும் ஆள் இறங்கும் முன் கரண்டை ஒரு தடவை போட்டு அணைத்து, அந்தச் செய்தி வருகிறதா என்று வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சார் வைத்த சட்டம்.

நான் சொல்ல வந்த நாள் ஜெல்லி மீன் வந்த நாள். கூட்டம் கூட்டமாக வந்து சல்லடையை அடைத்துவிட்டன. ஆலை பாதிக்கு மேல் நின்றுவிட்டது. மேனேஜர் காலையிலிருந்தே எல்லோர் தலைக்கும் மேல் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அன்று வேறு கவலை. ரெஜினா அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. மச்சான் அவளைப் பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன் ஏளா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் தாமதமாகத்தான் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன். அப்போது மச்சான் கிணற்றுக்குள் இருந்தார்.

ஷிப்டில் முருகேசன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன், அவசரம் தாங்கமாட்டார். நான் திரையில் காலைச் செய்திகளைத் தேடினேன். பம்ப் ஹவுஸ் எழுந்ததாக ஒரு வரியும் இல்லை.

"அண்ணாச்சி, இறங்குறதுக்கு முன்ன டெஸ்ட் போடலியா?"

"எங்க தம்பி போட! மேனேஜர் நின்னு குதிக்காரு. காலைல திரையில அது பச்சையாத்தான் எரிஞ்சுது. பச்சைன்னா நல்லாருக்குன்னுதானே?"

பச்சை என்றால் நாம் கூப்பிட்டால் அது பதில் சொல்கிறது என்று அர்த்தம். அது தானாக நம்மைக் கூப்பிடுமா என்பது வேறு விஷயம். இதை அண்ணாச்சிக்கு விளக்க வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. செய்திகளை வாங்குகிற கணினியைக் கொஞ்ச நாளைக்கு முன் மாற்றியிருந்தோம். புதுக் கணினிக்குப் புது விலாசம். ஆலையில் உள்ள எல்லா ஸ்விட்சுகளிலும் அந்த விலாசத்தை ஒரே கட்டளையில் மாற்றினோம். அது எந்த நாள் என்று யோசித்தேன். மச்சான் போன தடவை இறங்கிய நாள். பம்ப் ஹவுஸ் இருட்டாக இருந்த நாள். அணைந்து கிடந்த ஸ்விட்சுக்கு அந்தக் கட்டளை போயிருக்காது.

உடனே தங்கவேல் சாருக்குப் போன் போட்டேன். "சார், கம்ப்யூட்டர் மாத்தின அன்னிக்குப் பம்ப் ஹவுஸ் ஸ்விட்சுக்குப் புது விலாசம் போட்டோமா?"

"கம்ப்யூட்டர் மாத்தின அன்னிக்குப் பம்ப் ஹவுஸ் ஸ்விட்சுக்கு…" என்று வழக்கம்போலத் தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டார். அவர் ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லி முடிக்காமல் விட்டது அது ஒன்றுதான். "ஏத்து ஜெயசீலா. ஆளை உடனே ஏத்தச் சொல்லு."

வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தும் பொத்தானை அழுத்தத் தயங்கினேன். எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால்தான் மேலே இருப்பவன் ஏற்றுவான். அவன் சுண்டாமல் மேலே இருந்து இழுத்தால் வீட்டில் சாவு என்று பொருள். கடலில் கூப்பிட்டுச் சொல்ல வேறு வழி இல்லாத காலத்திலிருந்து வருகிற வழக்கம். அன்றைக்கு அவர் பெண்டாட்டி பிரசவ வார்டில் கிடக்கிறாள். இழுத்தால் அவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். இழுக்காவிட்டால், ஜெனரேட்டர் பக்கம் எவனாவது கை வைத்தால், எங்களுக்கு ஒரு சத்தமும் வராது.

"லூர்து, மச்சானை ஏத்து!"

"மச்சான் இன்னும் சுண்டலியே அண்ணே."

"சுண்டலைன்னாலும் ஏத்துலே!"

லூர்துவின் குரல் உடைந்து வந்தது. "அண்ணே… அக்காவுக்கு?"

"அக்கா நல்லாருக்கா. அக்காவுக்கு ஒண்ணுமில்ல. நீ இழு!"

லூர்துவுக்குச் சொல்லிவிட்டேன். கிணற்றுக்குள் இருக்கிறவருக்கு யார் சொல்வது? நான் பைக்கை எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் பறந்தேன்.

நான் போய்ச் சேரும்போது மச்சானை மேலே கொண்டுவந்திருந்தார்கள். உடம்பெல்லாம் ஜெல்லி மீன் பட்டுத் தடித்திருந்தது. முகமூடியைக் கழற்றவில்லை, காற்றுக் குழாய் மார்பில் தொங்கியது, அப்படியே மண்டியிட்டு லூர்துவின் காலைப் பிடித்துக்கொண்டு "ரெஜினா… ரெஜினா…" என்று கதறிக்கொண்டிருந்தார். ஒண்ணுமில்லை என்று லூர்து சொல்வது அவர் காதில் ஏறவில்லை. அத்தனை பெரிய ஆள், ஆழத்துக்கு அஞ்சாத ஆள், அப்படிக் குழந்தை போல அழுது நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"எங்க அவ? எப்பம்?"

"அக்கா நல்லாருக்கா மச்சான். இப்பத்தான் பாத்துட்டு வாரேன். ஸ்விட்ச்ல ஒரு கோளாறு. அதான் ஏத்தச் சொன்னேன்."

அவர் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மேனேஜர், ஃபிட்டர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் எனக்கு அந்த அறையில் கோபமில்லை. அவர் பட்டதற்கு அது குறைவு.

மேனேஜருக்குக் கோபம் வேறு மாதிரி. "கரண்ட் வரல, பம்பு ஓடல, ஒண்ணும் நடக்கல. எதுக்குய்யா வேலைய நிறுத்தினீங்க?" என்று கத்தினார். அதற்குள் தங்கவேல் சார் வந்துவிட்டார். மச்சானிடம், "உங்க சாவியக் கொஞ்சம் தாங்க" என்று மரியாதையாகக் கேட்டு வாங்கி, பெரிய லைனைத் திறந்து கரண்டைப் போடச் சொன்னார். ஸ்விட்ச் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எல்லோரும் வாக்கிடாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணாச்சி, திரையில என்ன வந்திருக்கு? வாசிங்க" என்றார் சார்.

"ஒண்ணும் வரல சார்."

"ஒண்ணும் வரல" என்று சார் திருப்பிச் சொன்னார்.

ஸ்விட்ச் எழுந்துவிட்டது. எழுந்ததையும் சொல்லிவிட்டது. ஆனால் நாங்கள் கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய கணினியின் விலாசத்துக்குச் சொல்லியிருந்தது. ட்ராப் என்பதால் கேட்க ஆள் இல்லாதது அதற்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அன்று ஜெனரேட்டர் லைன் திறந்திருந்தால் பம்பு ஓடும் சத்தம்தான் எங்களுக்கு முதல் செய்தியாக இருந்திருக்கும்.

மேனேஜரிடம் சார் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "தப்பு என்னுது. விலாசம் மாத்தினப்ப எது எது பதில் சொல்லிச்சுன்னு பாத்தேன். எது சொல்லலைன்னு பாக்கல." பிறகு மச்சான் பக்கம் திரும்பி, ஈரத்தோடு நின்ற அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மச்சான் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பம்ப் ஹவுஸ் தரையிலேயே உட்கார்ந்து சார் அந்த வரியை எழுதினார். புது விலாசத்தை எண் எண்ணாகப் படித்தார். ட்ராப் என்று இருந்ததை எடுத்துவிட்டு இன்ஃபார்ம் என்று போட்டார். பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எத்தனை தடவை கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தார். கரண்டை அணைத்துப் போடச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து முருகேசன் அண்ணாச்சி எழுத்து விடாமல் செய்தியை வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சார் தரையிலிருந்து எழுந்தார்.

மச்சான் அன்று மறுபடி இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, வீங்கியிருந்த என் கன்னத்தைப் பார்த்தார். பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

அடுத்த தடவை இறங்கும்போது அவர் ஒரு புதுப் பழக்கம் தொடங்கினார். இருட்டைப் பார்த்து முடித்து, சிலுவை போடும் முன், லூர்துவின் வாக்கிடாக்கியை வாங்கி, "மாப்ள, இருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கேன் மச்சான்."

"நீதாம்லே கயிறு. அவன் சும்மா பிடிச்சிருக்கான்" என்றார். லூர்து சிரித்தது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் இறங்குவதை விடும்வரை ஒவ்வொரு முறையும் கேட்டார், நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவர் மேலே வரும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்ததில்லை.

தங்கவேல் சார் ஓய்வு பெற்று, சொந்த ஊரில் காலமானார். பிரவீனிடம் பிறகு கூப்பிட்டுப் பேசினேன். அந்தக் கிணற்றில் இன்றும் ஆள் இறங்குகிறது. அந்த வரியை எடுக்கக் கூடாது, வெளியூர்க்காரர்கள் எடுக்கவும் விடக் கூடாது, விலாசம் மாற்றினால் பதில் சொல்லாததை முதலில் தேட வேண்டும் என்று சொன்னேன். "சரி சார்" என்றான். சரியென்றால் என்ன சரி என்று கேட்டேன். பாவம், முழுசாகத் திருப்பிச் சொன்னான்.

அவன் முதலில் கூப்பிட்டபோது நான் இருந்த சாவு வீடு மிக்கேல் மச்சானுடையது. பல வருஷமாக நெஞ்சு இழுப்பு. கட்டிலில், அக்காவும் மகளும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார். மறுநாள் கல்லறையில் பெட்டியை இறக்கக் கயிறு போட்டார்கள். லூர்து ஒரு முனையை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினான். "பிடிங்க அண்ணே. இது உங்களுதுதான்" என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய கயிற்றைப் பிடித்தேன். இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெட்டி அடியில் உட்கார்ந்த பிறகும் என் கை விடவில்லை. பங்குச் சாமியார் கையில் மண்ணோடு காத்து நின்றார். அக்கா என்னையே பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் கயிற்றை லேசாக ஒரு தடவை சுண்டினேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"விடுங்க அண்ணே" என்றான் லூர்து.

"இருக்கேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டேன்.